புதுத்தொழிலும் மூவகை எண்ணிக்கையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புதுத்தொழில் வெற்றி பெறுதற்கு வேண்டும் திறமைகள் யாவை என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். தமிழாசிரியன் ஒருவனுக்கும் வாணிகத்திற்கும் என்ன தொடர்பு என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். வினவுதல் தகும். பொருளீட்டும் மந்திரம் ஒன்றையும் யாம் கொண்டு வந்திலேம். முன்னர் நடந்தவற்றைக் கற்று, அவற்றுள் நம் பிள்ளைகட்குப் பயன்படுவன இவையென எடுத்துக்காட்டுதல் ஆசிரியர்க்குரிய கடமையாதலின், அக்கடமையின் எல்லைக்குள் நின்றே பேசுவோம்.

இப்பொருளை இன்று பேசுதற்குக் காரணமும் உண்டு. நம் சங்கம் இதுகாறும் கல்வி நிதி ஒன்றையே நடத்தி வந்தது. இனி, புதுத்தொழில் தொடங்க முன்வரும் இளைஞர்க்குத் தொழிற்கடனும் அளிக்கலாமா என்னும் யோசனை இக்கூட்டத்தின்முன் வைக்கப்பட்டுள்ளது. அந்நிதி யாருடைய பணம்? கடைக்கணக்கு எழுதி வாழ்ந்தவரும், வெளியூரில் உத்தியோகம் பார்த்தவரும், கணவனை இழந்து தையல் தைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாயரும் திங்கள்தோறும் தந்த சிறு தொகைகளால் நிரம்பியது அது. சங்க நிதி நிற்க. நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். மகன் தொழில் தொடங்குகின்றான் என்றவுடன் தாயின் வளையல் அடகுக்கடைக்குப் போகின்றது. தந்தையின் ஓய்வூதியத் தொகை வங்கியிலிருந்து எடுக்கப்படுகின்றது. வீட்டுப் பத்திரம் கைம்மாறுகின்றது. தொழில் தோற்றால் தோற்பவன் ஒருவன் அல்லன். ஒரு குடும்பம் தோற்கின்றது. ஆகவே இது கேட்டு மகிழ்ந்து போதற்குரிய விஷயமன்று, தீர ஆராய்தற்குரியது.

முதற்கண், ஸ்டார்ட்டப் என்று இக்கால இளைஞர் கூறுவது யாது என்பதைத் தெளிவோம். தெருமுனையில் ஒருவர் மளிகைக்கடை வைக்கின்றார். அதுவும் புதிய தொழிலே. ஆயினும் அதனை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. என்னை? அரிசிக்கும் பருப்பிற்கும் வாங்குவோர் உண்டு என்பதில் ஐயமில்லை. கொள்விலை விற்பனைவிலைகளும் ஊரறிந்தவை. ஸ்டார்ட்டப் என்பதோ, வாங்குவோர் உளரோ இலரோ, உளராயின் என்ன விலை கொடுப்பர், அவ்விலையில் நமக்கு மிஞ்சுமோ மிஞ்சாதோ என்பன துணியப்படாத நிலையிலேயே தொடங்கி, விரைந்து பெருகுதலை நோக்கமாகக் கொண்ட தொழிலாகும். இந்திய அரசினர் 2016-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள் ‘ஸ்டார்ட்டப் இந்தியா’ என்னும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர் இச்சொல் சிற்றூர்களிலும் பரவிவிட்டது. யாம் அதனைப் புதுத்தொழில் என்றே வழங்குவோம்.

அத்தொழிலுக்கு வேண்டும் திறமைகள் யாவை என்று கேட்டால், ஊக்கம், துணிவு, புதிய கருத்து, பிறரைக் கவரும் பேச்சு என்று எல்லாரும் விடை கூறுவர். அவை வேண்டும் என்பதை யாம் மறுத்திலேம். ஆனால் ஒன்று கருதுமின். வென்றாரிடத்து இருந்த ஊக்கமும் துணிவும் தோற்றாரிடத்தும் இருந்தன. அற்றேல், வென்றாரையும் தோற்றாரையும் பிரித்துக்காட்டுவது வேறொன்றாதல் வேண்டும்.

நம் தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்கு நினைத்தல் என்றும் கணக்கிடுதல் என்றும் இருபொருள் உண்டு. சிந்தனையும் கணக்கும் ஒரு சொல்லுக்குள் அடங்கி நிற்பது நம் மொழியின் சிறப்பு. எண்ணித் துணிதல் என்று சொல்லும்போது நாம் முதற்பொருளையே கொள்கின்றோம். புதுத்தொழில் தொடங்குவார் இரண்டாம் பொருளையும் கொள்ளுதல் வேண்டும். பிறர் தேவையை எண்ணுதல், கைப்பணத்தை எண்ணுதல், உடன் நிற்கும் ஆட்களை எண்ணுதல் என அவ்வெண்ணிக்கை மூவகைப்படும். இம்மூன்றுமே புதுத்தொழிற்கு இன்றியமையாத் திறமைகள் என்பதும், இவை பிறவியில் வருவன அல்ல, பயின்றால் எவர்க்கும் வருவன என்பதுமே யாம் இன்று சொல்ல வந்த செய்தி.

இதனை விளக்குதற்குத் தமிழ்நாட்டில் தோன்றிய பெரும் புதுத்தொழில் ஒன்றனை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் கப்பல் விட்டு வந்த காலம் அது. அவர்க்குப் போட்டியாக இந்நாட்டார் கப்பல் நடத்தல் வேண்டும் என்று முனைந்தார் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அவர்கள் கம்பெனியின் தலைவராயினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளுக்கு ரூ. 2 இலட்சம் அளித்தார்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனியாரிடம் வாடகைக்குப் பெற்று நடத்தினர். எதிர்க்கம்பெனியார் நெருக்கவே, வாடகைக்குத் தந்தவர் கப்பல்களை மீட்டுக்கொண்டனர். சிதம்பரம் பிள்ளை அவர்கள் தளர்ந்தாரில்லை. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி அப்போதைய இடரைத் தாண்டினார். பின்னர் 1907-ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாக வந்தன. உடனே கட்டணப்போர் மூண்டது. எதிர்க்கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாகக் குறைத்தனர். எதிர்க்கம்பெனியார் கட்டணமே வேண்டா என்றதோடு ஏறுவோர்க்குக் குடையும் இலவசமாக அளிக்க முன்வந்தனர் என்பது வரலாறு. 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் சிதம்பரம் பிள்ளை அவர்கள் சிறைப்படுத்தப்பெற்றார். 1911-ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பெற்றது. அவர் சிறையினின்று வெளிவந்தது 1912-ஆம் ஆண்டின் இறுதியில்.

ஊக்கத்தில் அவரினும் மிக்கார் யார்? துணிவில் அவரினும் மிக்கார் யார்? பேச்சு வன்மையிலோ, நெல்லைச் சீமையே அவர் சொற்கேட்டு எழுந்தது. அங்ஙனமாகவும் அக்கம்பெனி ஐந்தாண்டே நின்றது. ஆளும் அரசின் கை அதன்மீது எத்துணை வன்மையாக விழுந்தது என்பதை நாடறியும். ஆகவே அப்பெருந்தகையைக் குறைகூறும் உரிமை நமக்கு எட்டுணையும் இல்லை. எனினும் அம்முயற்சி மூவகை எண்ணிக்கையையும் நமக்குக் கற்பிக்கும் பாடநூலாக இருக்கின்றது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பிறர் தேவையை எண்ணுதல். சுதேசிக் கம்பெனிக்கு இவ்வகையில் குறையில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே சரக்கனுப்பும் வணிகரும், போய்வரும் பயணிகளும் முன்னரே இருந்தனர். கப்பல் ஏறுவார் உளரோ என்னும் ஐயத்திற்கு இடமே இல்லை. இக்காலப் புதுத்தொழில்களிற் பல இப்படியிலேயே வழுக்கி விழுகின்றன. தோல்வியுற்ற 101 புதுத்தொழில்களைப் பற்றி அவற்றை நடத்தினோரே எழுதிய குறிப்புக்களை அமெரிக்காவிலுள்ள சி.பி. இன்சைட்ஸ் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொகுத்து 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 42 தொழில்கள், தாம் செய்த பண்டத்திற்குத் தேவையே இல்லாமையால் வீழ்ந்தன என்று கண்டனர். பணம் தீர்ந்தமையால் வீழ்ந்தவை நூற்றுக்கு 29. ஆட்கள் பொருந்தாமையால் வீழ்ந்தவை நூற்றுக்கு 23. ஒரு தொழிற்கே பல காரணங்கள் கூறப்பட்டமையின் இவற்றைக் கூட்டிப் பார்த்தல் வேண்டா. யாம் கூறிய மூவகை எண்ணிக்கையும் அவ்வரிசையிலேயே அங்கு வந்து நிற்றலை மட்டும் காண்க.

தேவையை எண்ணுதல் எங்ஙனம்? கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் அவர்கள் 1983-ஆம் ஆண்டில் பதினைந்தாயிரம் ரூபாய் முதலிட்டுச் சிக் என்னும் ஷாம்பூவைச் செய்து விற்கத் தொடங்கினார். ஷாம்பூ அவர் கண்டுபிடித்ததன்று. அதனைச் சிறு பையில் அடைத்து விற்கும் முறையும் அவர்தம் தந்தையார் சின்னி கிருஷ்ணன் அவர்கள் முன்னரே கையாண்டது. புட்டியில் வைத்து விற்ற பண்டத்தைக் கூலித்தொழிலாளி வாங்காமைக்குக் காரணம் வேண்டாமை அன்று. ஒரு நாட் கூலியில் புட்டியின் விலைக்கு இடமில்லாமையே. ஒரு முழுக்கிற்கு வேண்டும் அளவைச் சில்லறைக் காசுக்குத் தந்தால் அவரும் வாங்குவர். இவ்வுண்மையை உணர்ந்து சிற்றூர்க் கடைதோறும் அப்பைகளைத் தொங்கவிட்டமையே அத்தொழில் வளர்ந்த வழி. வாங்குவான் மடியில் எவ்வளவு இருக்கின்றது, எந்நாளில் இருக்கின்றது என்று எண்ணத் தெரிந்ததே அங்குத் திறமையாயிற்று.

ஈண்டு நம் போன்ற சங்கத்தார் கருத்தூன்ற வேண்டிய ஒன்று உண்டு. நம்மவருள் ஒருவன் ஒரு பண்டம் செய்தால் மாமன் வாங்குவான், அத்தை வாங்குவாள், சங்க விழாவில் நூறு பேர் வாங்குவர். “அருமையாக இருக்கின்றது தம்பி!” என்று தட்டிக்கொடுப்பர். அவனும் உலகமே வாங்குகின்றது என்று நம்பிக் கடன் வாங்குவான். உறவினர் கொடுத்தது பண்டத்தின் விலையன்று, அன்பின் விலை. அன்பு முதன்முறை வாங்கும். இரண்டாம் முறை வாங்காது. தேவையே இரண்டாம் முறையும் வாங்கும். ஆதலின் அயலார் எத்துணைப் பேர் வாங்கினர், அவருள் மீண்டும் வந்தவர் எத்துணைப் பேர் என்பதே உண்மையான எண்ணிக்கை.

சென்னையில் 2010-ஆம் ஆண்டு கிரீஷ் மாத்ருபூதம் அவர்களும் நண்பரும் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் என்னும் மென்பொருள் தொழிலை நோக்குக. வாடிக்கையாளர் அனுப்பும் குறைகளைத் திரட்டி விடையளிக்க உதவும் மென்பொருள் அவர்கள் செய்தது. அத்தகைய மென்பொருளை முன்னரே விற்றுவந்த வேறொரு நிறுவனம் விலையை உயர்த்தியபோது, அதனைப் பயன்படுத்தியோர் சினங்கொண்டு எழுதியவற்றைப் படித்தே அவர் இத்தேவையை உணர்ந்தார். அவர்களுக்கு வாய்த்த முதல் வாடிக்கை ஆஸ்திரேலியாவிலிருந்த ஒரு கல்லூரி. கடல்கடந்த நாட்டில் முகமறியாதார் பணம் செலுத்தி வாங்கினார் என்பது உறவினர் நூற்றுவர் வாங்கியதினும் பெரிய சான்று. ஃபிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் பங்குகள் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தன.

ஆகவே, இளைஞர்களே! பண்டத்தைச் செய்யுமுன் அயலார் இருபதின்மரைக் கண்டு பேசுக. “இது நன்றாக இருக்கின்றதா?” என்று கேளாதீர், முகங்கோணாமற் பேசுதல் நம் நாட்டு வழக்கமாதலின், எல்லாரும் நன்றென்றே கூறுவர். “இவ்வேலையை இப்போது எங்ஙனம் செய்கின்றீர்? அதற்கு எவ்வளவு செலவாகின்றது? சென்ற திங்களில் அதனால் உற்ற தொல்லை யாது?” என்று கேளுங்கள். இறுதியில் சிறு முன்பணம் தருவரோ என்று பாருங்கள். சொல்லாற் புகழ்ந்தவர் பலராயும் முன்பணம் தந்தவர் ஒருவருமிலராயின், அப்பண்டத்தைக் கைவிடுக, அல்லது மாற்றுக. அவ்வாறு செய்தால் இழப்பது சில நாட்களே, வீடு இழப்பதில்லை.

இனி இரண்டாவதாகிய கைப்பண எண்ணிக்கைக்கு வருவோம். சுதேசிக் கம்பெனியின் கட்டணப்போரை மீண்டும் நினைமின். எதிர்க்கம்பெனியாரிடம் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் பல கடல்களில் ஓடின. தூத்துக்குடித் துறையில் இலவசமாக ஆட்களை ஏற்றினாலும், அந்நட்டத்தை வேறு துறைகளின் வருவாயால் அவர் ஈடுசெய்யலாம். சுதேசிக் கம்பெனிக்கோ ஒரே துறை. எட்டணாக் கட்டணத்தில் நேர்ந்த ஒவ்வொரு குறைவும் பங்காளிகள் இட்ட முதலினின்றே குறைந்தது. விலைகுறைத்து நடத்தும் போரில் வெல்வது யார் நல்லவர் என்பதைப் பொறுத்ததன்று. யார் நெடுநாள் நட்டம் பொறுப்பர் என்பதையே பொறுத்தது. திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் அமைந்திருத்தலை நாம் அறிவோம். தன்வலியோடு மாற்றான் வலியையும் எடைபோடச் சொல்லும் அவ்வறிவுரை அரசர்க்கு மட்டும் உரியதன்று; இன்றைய வணிகர்க்கும் உரியது. பெருமுதலுடையாரோடு விலைகுறைப்புப் போரில் இறங்காதே என்பது அதன்வழி நாம் கொள்ளும் முதற்பாடம்.

பணத்தை எண்ணுதல் என்பது மூன்று சிறு கணக்குகளில் அடங்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அறிந்தார்க்கு இவை போதும்.

ஒன்று, ஒரு பண்டத்தின் கணக்கு. வீட்டுச் சாப்பாட்டை வீடுதோறும் அனுப்பும் தொழிலை ஒருவன் தொடங்குகின்றான் என்று கொள்வோம். சாப்பாட்டின் விலை ரூ. 100. அரிசி, காய்கறி, எரிவாயு, சமையற்கூலி ஆகியவற்றிற்கு ரூ. 70; பெட்டிக்கு ரூ. 8, கொண்டுசேர்ப்பார்க்கு ரூ. 30. ஆக அடக்கம் ரூ. 108. சாப்பாடு ஒன்றுக்கு எட்டு ரூபாய் நட்டம். நாள் ஒன்றுக்கு 50 சாப்பாடு விற்றால் நட்டம் ரூ. 400, தொழில் ‘வளர்ந்து’ 500 விற்றால் நட்டம் ரூ. 4,000. விற்பனை பெருகப்பெருக நட்டமும் பெருகும் தொழிலை வளர்ச்சி என்று மயங்குதல் ஆகாது. பெருகினால் அடக்கவிலை எங்ஙனம் குறையும் என்பதை இலக்கத்தால் காட்ட இயலுமாயின் பொறுக்கலாம். காட்ட இயலாதாயின் ஒரு நாளும் பொறுத்தலாகாது.

இரண்டு, நாட்கணக்கு. கையிருப்பு ரூ. 6 இலட்சம். திங்கட் செலவு ரூ. 90,000, திங்கள் வரவு ரூ. 40,000, குறைவு ரூ. 50,000. ஆறு இலட்சத்தை ஐம்பதாயிரத்தால் வகுக்க, தொழிலின் ஆயுள் பன்னிரண்டு திங்கள் எனப் பெறப்படும். இக்கணக்கைத் திங்கள்தோறும் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்தல் வேண்டும். ஆறு திங்களே எஞ்சியுள்ளது என்று அறிந்தவுடன் செலவைச் சுருக்குவதோ, வரவைக் கூட்டுவதோ, வழியை மாற்றுவதோ செய்யலாம். ஒரு திங்களே எஞ்சியபோது அறிபவன் வட்டிக்கடை வாயிலில் நிற்பான்.

மூன்று, கடன்கணக்கு. சீருடை தைத்துக் கொடுக்கும் ஒருத்தி ரூ. 3 இலட்சம் பெறுமான சரக்கை 90 நாட் கடனுக்குக் கொடுக்கின்றாள். துணி தந்தவர்க்கோ 30 நாளிற் பணம் செலுத்துதல் வேண்டும். பேரேட்டில் இலாபம் ஐம்பதாயிரம் என்று எழுதியிருக்கும். பணப்பெட்டியோ வெறுமையாக இருக்கும். இலாபம் இருந்தும் தொழில் இறத்தல் இங்ஙனமே. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டிற்காக 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலார் செய்தளிக்கும் பண்டங்கட்கு வாங்குவோர் 45 நாட்களுக்கு மேற்படாது பணம் செலுத்துதல் வேண்டும். தவறினால் வட்டியும் உண்டு. நம் பெண்மக்களுட் பலர் இப்பதிவைச் செய்யாமலேயே தொழில் நடத்துகின்றனர். இது திருத்தப்பட வேண்டியது.

பணம் மிகுதியாக இருப்பதும் ஒரு கேடே என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. வெப்வான் என்னும் நிறுவனம், மளிகைப் பொருள்களை இணையத்தின் வழியே கேட்டார்க்கு வீட்டிற்கே கொண்டு தரும் நோக்கோடு 1996-ஆம் ஆண்டில் தோன்றியது. கருத்துத் தவறன்று, இன்று நம் நகரங்களிலும் அது நடைபெறுகின்றது. ஆனால் ஒரு நகரில் இலாபம் காணுமுன்னரே, பல நகரங்களில் பெருங் கிடங்குகள் கட்டுதற்காக 1999-ஆம் ஆண்டில் நூறு கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் செய்தனர். 2001-ஆம் ஆண்டில் நொடித்துப் போயினர். சிறிதாகச் செய்து பார்த்து, கணக்குச் சரியாக வந்தபின் பெரிதாக்குதல் என்னும் பொறுமை இன்மையே அங்கு நேர்ந்த குறை. இதற்கு மறுதலையாக, 1996-ஆம் ஆண்டிலேயே அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றி, இன்று ஸோஹோ என வழங்கும் மென்பொருள் நிறுவனம், வெளியார் முதலீட்டைப் பெறாமல் தன் விற்பனை வருவாயைக் கொண்டே வளர்ந்தது. வரவைக் கண்டு செலவு செய்வாரும் உலகளாவ வளரலாம் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

நம் குடும்பங்களைக் காக்கும் ஒரு செய்தியையும் ஈண்டே கூறிவிடுகின்றோம். கம்பெனியாகவோ, 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மையாகவோ தொழிலைப் பதிந்துகொண்டால், தொழிலின் கடன் பொதுவாகத் தொழிலின் சொத்தளவில் நிற்கும். பங்காளியின் வீடுவரை வாராது. ஆயினும் தந்தையார் தனிப்பட்ட பிணை கொடுத்துக் கையெழுத்திட்டாலும், வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தாலும், அவ்வேலி அன்றே முறிந்துபோகின்றது. மகன்மீதுள்ள அன்பினால் படியாமல் இடும் கையெழுத்து, மகளின் திருமணத்திற்கும் தம் முதுமைக்கும் வைத்திருந்ததை ஒருங்கே கொண்டு போகும். தாய்மார்களே! “இதில் நான் எதற்குப் பொறுப்பாகின்றேன்?” என்று கேட்டபின் கையெழுத்திடுங்கள். அங்ஙனம் கேட்பது மகனிடத்து ஐயங்கொள்ளுதல் ஆகாது.

மூன்றாவது, ஆட்களை எண்ணுதல். சுதேசிக் கம்பெனிக்குத் தோள்கொடுத்தோரைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பாலவநத்தம் ஜமீன்தார் ஒருபுறம். முகமதிய வணிகர் ஒருபுறம். குலமும் சமயமும் நோக்கி ஆட்களைத் தேர்ந்திருப்பின் அக்கப்பல் துறையை விட்டே புறப்பட்டிராது. நாம் ஒரு சமூகத்தின் சங்கமாகக் கூடியிருக்கின்றோம். ஒருவர்க்கொருவர் உதவுதல் நம் கடமை. ஆனால் தொழிலின் கணக்கர் இன்னாருடைய மைத்துனர் என்பதற்காகவும், விற்பனையாளர் இன்னாருடைய பெரியப்பா மகன் என்பதற்காகவும் அமர்த்தப்பட்டால் அது தொழிலன்று, பந்தி. உறவினர் பிழை செய்தாற் கண்டிக்க நாவெழாது. கண்டித்தால் உறவு கெடும். கண்டியாவிடில் தொழில் கெடும். வேலைக்கு உரியவர் எக்குலத்தவராயினும் அவரையே அமர்த்துக. சங்கத்தின் உதவி, நம் பிள்ளைக்கு முதற்படியைக் காட்டுதற்கு உரியது. அயலான் திறமையை வாயிலில் நிறுத்துதற்கு உரியதன்று.

கூட்டாளிகள் இருவராயின், ஒருவர்க்கு இல்லாத திறமை மற்றவர்க்கு இருத்தல் வேண்டும். செய்யத் தெரிந்தார் இருவர் கூடி, விற்கத் தெரிந்தார் ஒருவருமிலராயின் பண்டம் கிடங்கில் தூங்கும். மேலும், நட்பு நன்றாக இருக்கும்போதே பங்கை எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இக்காலப் புதுத்தொழில்களில் நல்லதொரு வழக்கம் உண்டு. பங்கு முழுவதையும் தொடக்க நாளிலேயே கொடாமல், நான்காண்டு உழைத்து ஈட்டிக்கொள்ளுமாறு எழுதுவர். முதலாண்டு முடியுமுன் விலகினார்க்குப் பங்கு ஒன்றும் இல்லை. ஆறாம் திங்களில் உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டவன் பாதிப் பங்கிற்கு உரியவனாகப் பத்தாண்டு நிற்கும் கொடுமையை இவ்வொன்றே தடுக்கும். நண்பரிடம் எழுத்துக் கேட்பது நாகரிகமன்று என்பார் சிலர். எழுதாமையால் நண்பர் இருவர் நீதிமன்றத்தில் எதிரெதிர் நிற்பதே நாகரிகக் கேடு.

ஆட்களை எண்ணுவதில் இறுதியான வினா ஒன்று உண்டு: தலைவன் இல்லாத நாளில் தொழில் ஓடுமா? சிதம்பரம் பிள்ளை அவர்கள் கம்பெனியின் உதவிச் செயலாளராகவே பதவி வகித்தார்; ஆயினும் அதன் உயிர்நாடி அவரே. அவரைச் சிறைப்படுத்தியவுடன் கம்பெனியின் மூச்சுத் தடுமாறிற்று. அந்நாளில் அவர்க்கு அது தவிர்க்கவொண்ணாதது. நம் இளைஞர்க்குச் சிறை வாராது. காய்ச்சல் வரும், விபத்து வரும், திருமணம் வரும், மகப்பேறு வரும். ஒரு திங்கள் படுத்தால் தொழிலும் உடன் படுக்குமாயின் அது தொழிலாகாது, தனியொருவர் உழைப்பே. கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர்ப்பட்டி, வரவுசெலவுக் கணக்கு ஆகிய மூன்றும் இரண்டாமவர் ஒருவர்க்கேனும் தெரிந்திருத்தல் வேண்டும்.

நிற்க. சங்கத்தார்முன் உள்ள யோசனைக்கு எம் கருத்தைக் கூறிவிடுகின்றோம். தொழிற்கடன் அளிக்கலாம் என்பதே எம் துணிபு. ஆனால் கேட்போர் பேச்சைக் கேட்டு அளித்தலாகாது. மூன்று தாள் கேட்டு அளித்தல் வேண்டும். முதற்றாளில், பணம் கொடுத்து வாங்கிய அயலார் எத்துணைப் பேர், மீண்டும் வாங்கியவர் எத்துணைப் பேர் என்னும் கணக்கு. இரண்டாம் தாளில், ஒரு பண்டத்தின் அடக்கவிலையும், கைப்பணம் எத்துணைத் திங்கட்குப் போதும் என்பதும். மூன்றாம் தாளில், கூட்டாளிகள் யார், பங்கு எவ்வளவு, தலைவன் இல்லாதபோது நடத்துவார் யார் என்பன. தாள் எழுதத் தெரியாதவரைத் தள்ளிவிடுதல் கூடாது. எழுதக் கற்பித்தலே சங்கத்தின் முதலுதவி. நம்முட் கணக்காயரும் வங்கியில் ஓய்வு பெற்றோரும் உளர். திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தந்தாற் போதும். அளிக்கும் பணத்தையும் ஒரே முறையில் அளியாது மூன்று பகுதியாக்கி, முதற்பகுதியின் கணக்கைக் கண்டபின் அடுத்ததை அளித்தல் நன்று. எவரிடத்தும் வீட்டுப் பத்திரம் கேளாதிருத்தல் வேண்டும். பத்திரம் கேட்டால் நாமும் வட்டிக்கடையே.

இன்னும் ஒன்று. எண்ணிச் செய்த தொழிலும் சில வேளை தோற்கும். காலம் மாறும், நோய் பரவும், அரசின் விதி மாறும். கணக்கை மறையாது காட்டி, கொடுக்க வேண்டியவர்க்கு இயன்றது கொடுத்து, தொழிலை உரிய நேரத்தில் மூடியவனை நாம் ஏளனம் செய்தலாகாது. “கடை சாத்தியவன்” என்று அவனுக்குப் பெண் கொடுக்க மறுப்பதும், விழாவில் அவன் தந்தையைப் பின்வரிசையில் இருத்துவதும் நம்மிடையே உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வச்சமே பிள்ளைகளைப் பொய்க்கணக்கு எழுதத் தூண்டுகின்றது. ஆறாம் திங்களில் மூடியிருக்க வேண்டிய தொழிலை இரண்டாண்டு இழுத்து, வீட்டையும் விழுங்கச் செய்கின்றது. சிறிய தோல்வியைப் பொறுக்கும் சமூகத்தில் பெரிய தோல்வி நேர்தல் அரிது.

இளைஞர்களே! உங்கள் துணிவை யாம் குறைக்க வந்திலேம். கப்பல் வாங்கத் துணிந்த மண்ணிற் பிறந்தவர் நீங்கள். அத்துணிவிற்குத் துணையாக ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே எம் வேண்டுகோள். தேவையை எண்ணுங்கள், பணத்தை எண்ணுங்கள், ஆட்களை எண்ணுங்கள். எண்ணியபின் துணியுங்கள். உங்கள் தாயின் வளையல் அவர் கையிலேயே இருக்கும்படி தொழில் நடத்திக் காட்டுங்கள்.